இயங்குதளம்

‘ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்பதைக் குறிக்கும் ‘இயங்குதளம்’, இயங்கு, தளம் என்னும் இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. கணினியை இயக்குவதுதான் இதன் வேலை. ஆகவே ‘இயக்குதளம்’ என்பதே சரி என்று சிலர் வாதிடுவர். நினைவகத்தையும் செயலியையும் மென்பொருள்களுக்குப் பங்கிட்டுத் தருவது அதுவே என்பதால் அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆடுகளத்தில் களமா ஆடுகிறது? ஆடுவோர் ஆடும் களம் அது. அவ்வாறே, மென்பொருள்கள் இயங்கும் தளம் இயங்குதளம். பள்ளிப் பாடநூலில் இதற்கு வரும் ‘இயக்க அமைப்பு’ என்ற சொல் இந்த இடப்பொருளைத் தருவதில்லை.

இடப்பொருள் ஏன் வேண்டும் என்பதை 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் காட்டுகிறது. மாணவர்களுக்கான அத்திட்டத்தின் தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் திரையில் இரு பெயர்கள். அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்தால் மற்றது உறங்கும். லினக்ஸுக்குள் நின்று விண்டோஸ் பகுதியின் கோப்புகளைத் திறக்கலாம். விண்டோஸோ லினக்ஸ் பகுதியைத் தானாகப் படிக்காது. ‘விண்டோஸில் வைத்தேன்’, ‘லினக்ஸுக்குள் போ’ என வேற்றுமை உருபுகளே இடத்தைச் சுட்டுகின்றன. மெய்நிகர் கணினியில் ஒரு தளத்தின் மேலேயே இன்னொன்று எழும். அங்கே மாடி என்ற பொருளும் ‘தளம்’ என்பதற்கு முழுதாகப் பொருந்துகிறது.