ரேம் ஏற்றிப் பிழைத்த கம்ப்யூட்டர்கள்

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. கட்டியது எல் அண்ட் டி. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. துறைமுகம் வந்தால் கூடவே சுங்கத் தரகர்களும், கன்டெய்னர் யார்டுகளும், லாரி புக்கிங் ஆபீஸ்களும் வந்துவிடும். இவற்றில் எதனாலும் கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட வெளியே எடுக்க முடியாது. துறைமுகம் திறந்த பதினைந்தாவது மாதத்தில், 2014 ஏப்ரல் 8 அன்று, விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை எக்ஸ்பிக்கென்றே வாங்கப்பட்ட மெஷின்கள் இனி விண்டோஸ் 7-ஐயோ, அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 10-ஐயோ சுமந்தாக வேண்டும். இந்தியா முழுக்கச் சிறு அலுவலகங்கள் கண்ட வழிதான் இங்கேயும்: ஃபார்மட் அடித்துப் புதியதைப் போடு, இழுத்தால் ஒரு ரேம் ஏற்று. இந்த வழக்கத்தை நம் சிக்கனத்தின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிக்கனம் எப்போதும் இருந்தது; ரேம் ஏற்றும் வழக்கமோ ஒரு குறிப்பிட்ட காலத்தில் தோன்றி, இப்போது கண்ணெதிரே முடிந்துகொண்டிருக்கிறது. அதைத் தாங்கியவை வேறு: வரியில்லாத இறக்குமதி, யாரும் கழற்றி மாட்டக்கூடிய ஸ்லாட், ரேம் எவ்வளவு என்று மட்டுமே கேட்ட இயங்குதளம்.

முதலில் விலை. தொண்ணூறுகளில் மெமரி என்பது தங்கம்போல ஏறி இறங்கிய சரக்கு. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிதோமோவின் பிசின் ஆலை தீப்பிடித்தது; சிப்புகளை மூடி அடைக்கும் எபாக்சி பிசினில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது என்பதால் உலகமெங்கும் மெமரி விலை எகிறியது. 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கம் அதே வேலையைச் செய்தது. இயற்கையை மட்டும் குறைசொல்லவும் முடியாது. 1999 முதல் 2002 வரை விலையைத் தங்களுக்குள் பேசிவைத்து உயர்த்தியதற்காகச் சாம்சங் அமெரிக்காவில் 30 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஹைனிக்ஸ், இன்ஃபினியானும் தண்டம் கட்டின. இந்தச் சந்தையில் சென்னை வெறும் வாங்கும் இடம். 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்து, 2005க்குள் கம்ப்யூட்டர், சிப் ஆகியவற்றின் சுங்கவரி பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ரிச்சி தெருவில் ஒரு ரேம் வாங்குவது சிறு கடைக்காரர் யோசிக்காமல் செய்யும் செலவானது. ரேடியோ உதிரிபாகம் விற்ற தெரு கம்ப்யூட்டர் தெருவானதில் கடைக்காரர்களின் சாமர்த்தியம் உண்டு. வரிப் பட்டியலின் பங்கு அதைவிடப் பெரியது.

அடுத்தது இயங்குதளம். என் வாதம் நிற்பது இங்கேதான். 1995இல் வந்த விண்டோஸ் 95க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி போதும் என்றது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 98க்கு 16, எக்ஸ்பிக்கு 64. 2007இல் விஸ்டா 512 எம்பி கேட்டது. நிம்மதியாக ஓட 1 ஜிபி வேண்டும். பெட்டிமேல் அச்சிட்ட இந்த எண்களை நம்பியவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கொட்டாவிதான் விட்டார், அது வேறு விஷயம். ஆனால் 2009இல் விண்டோஸ் 7 கேட்டது 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. 2015இல் விண்டோஸ் 10 கேட்டதும் அதேதான். ஆறு ஆண்டுகள் தேவை காகிதத்தில் அசையவே இல்லை. மெஷின் பெருத்துக்கொண்டே போன வரலாற்றில் இப்படியொரு சமவெளி அதற்கு முன் வந்ததில்லை. எக்ஸ்பி காலத்து டூயல் கோர் மெஷினில் 1 ஜிபி இருந்தால், காலியான ஸ்லாட்டில் இன்னும் ஒன்றோ இரண்டோ போட்டு அந்தச் சமவெளியில் பல ஆண்டு ஓட்டலாம். போதாக்குறைக்கு விண்டோஸ் 10-ஐ முதல் ஓராண்டு 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். காட்டுப்பள்ளி பிறந்தது சரியாக இந்த இடைவெளியில்.

லினக்ஸ் இருந்ததே, ரேம் வாங்காமலே பழைய மெஷினை ஓட்டியிருக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, தமிழ்நாட்டில் அதற்கு அரசு ஆதரவும் இருந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. எக்ஸ்பி முடிந்தபோது பாஸ் லினக்ஸை நிறுவும்படி மாநில அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. அரசு அலுவலகத்துக்கு ஆணை போதும், தனியார் மேசைக்குப் போதாது. அங்கே கணக்கு டேலி மென்பொருளில், அது ஓடுவது விண்டோஸில். கடிதம் பழைய தமிழ் எழுத்துருக்களில். சுங்கத் தரகருக்கோ 2016 முதல் டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயமானது. அதற்கான டோக்கன், டிரைவர் எல்லாம் விண்டோஸை மனத்தில் வைத்தே வந்தன. சொல்லத் தயங்கும் இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் விண்டோஸும் பெரும்பாலும் இலவசமாகத்தான் கிடைத்தது. லைசென்ஸுக்குக் காசு கொடுக்காதவரிடம் போய், லினக்ஸ் இலவசம் என்று ஆசைகாட்ட முடியாது. செலவு என்று கண்ணில் பட்டது ரேம் மட்டுமே.

இந்த ஏற்பாடு எப்படிக் குலைந்தது? ஒரே நாளில் இல்லை. டிடிஆர்2 ரேமை டிடிஆர்3 ஸ்லாட்டில் மாட்ட முடியாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. டிடிஆர்2 தயாரிப்பு குறையக் குறைய, வேகம் குறைந்த பழைய ரேம் புதியதைவிட விலை கூடியது. பிறகு உடைத்த மெஷினில் கழற்றிய ரேம்தான் கதி. பழைய கம்ப்யூட்டர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமாகி, மின்கழிவு விதிகளும் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்ததால் அந்த ஊற்றும் சுருங்கியது. காட்டுப்பள்ளி கதவைத் திறந்தபோது அந்தச் சரக்குக்கான கதவு ஏறத்தாழ மூடியிருந்தது. லேப்டாப்பிலோ ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து அனுப்பினார்கள். ஆப்பிள் 2012லேயே ரெட்டினா மேக்புக் ப்ரோவில் அதைச் செய்தது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

2021இல் விண்டோஸ் 11 கேள்வியையே மாற்றியது. 4 ஜிபி வேண்டும் என்றது, அது பெரிய விஷயமில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைப் பிராசஸரும் வேண்டும் என்றது. பாதுகாப்புக்காகத்தானே என்பது வலுவான மறுப்பு. வங்கிக் கடவுச்சொல்லும் கையொப்ப டோக்கனும் புழங்கும் மேசையில் அந்த வாதத்தை நான் தள்ளமாட்டேன். ஆனாலும், மெலிந்த மெஷினுக்குக் கொஞ்சம் சத்து ஏற்றினால் உள்ளே விடுவார்கள் என்ற பழைய ஒப்பந்தம் அதோடு ரத்தானது. எட்டாம் தலைமுறை வெளிவந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய ஐ5 மெஷினில் 32 ஜிபி போட்டாலும் அந்தப் பட்டியலில் இடமில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு நீட்டித்த பாதுகாப்பும் ஓராண்டுக்குத்தான். அதே சமயத்தில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, கடையில் ரேம் விலை மறுபடி ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளருக்கான தன் க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.