செல்லாத பணம்!

ஆரணியில் எடுத்த பட்டுச்சேலையைத் திருப்பித் தருகிறீர்கள். ரொக்கத்துக்குப் பதில், அந்தக் கடையில் மட்டும் செல்லும் அட்டையை நீட்டுகிறார்கள். அதில் தொகை இருக்கிறது. ஆனால், வாசலில் நிற்கும் ஆட்டோவுக்குக்கூடக் கொடுக்க முடியாது!

இது பழைய வித்தைதாங்க. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முதலாளிகள் பலர் கூலிக்குப் பதில் டோக்கன் தந்தார்கள். முதலாளியின் கடையில் மட்டுமே அது செல்லும். அங்கே விலையும் அதிகம், சரக்கும் மட்டம்! நிலக்கரி, நெசவு எனப் பல தொழில்களில் கூலியை நாணயமாகவே தரவேண்டும் என 1831-ல் சட்டம் போட்டார்கள். நம் ஊரிலும் 1936-ம் வருட சம்பளப் பட்டுவாடாச் சட்டம் நாணயம் அல்லது நோட்டு என்றது.

உழைப்பவருக்குக் காவல் கிடைத்தது. வாங்குபவருக்கு? கடை தன் சரக்குக்காக மட்டும் வெளியிடும் அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை! எங்கே செலவழிப்பது என்ற உரிமையும் சேர்ந்ததுதான் பணம். அட்டைக்குக் கை நீட்டுமுன், ரொக்கம் கேளுங்கள்!