தோட்டத்து நாய் யாருடையது? கொல்லிமலை நிலவுடைமையும் 1960ஆம் ஆண்டுச் சட்டமும்

உடையவர் இல்லாத நாய் உள்ளாட்சியின் பொறுப்பு. அது தங்கியிருக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கு, அதை வதைக்காமல் இருப்பதைத் தவிர வேறு கடமை இல்லை. தெருநாய் அறம் குறித்த எழுத்துகளில் பெரும்பகுதி இந்த முடிவில்தான் வந்து நிற்கிறது. நகரத் தெருவுக்கு இது பொருந்தலாம். கொல்லிமலைத் தோட்டங்களுக்குப் பொருந்தாது என்பது என் வாதம்.

காபியும் மிளகும் விளையும் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். உடைமையாளர் சமவெளியில் இருக்கிறார். காவலுக்கு இருப்பவர் வைக்கும் சோற்றுக்கு ஒரு நாய் வந்து தங்குகிறது; குரங்கை விரட்டுகிறது, இரவில் பன்றி வந்தால் குரைக்கிறது. பறிப்பு முடிந்து ஆள் மலை இறங்கியதும் சோறு நின்றுவிடுகிறது. பசித்த நாய் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் ஆட்டுக்குட்டியைக் கடிக்கிறது. அன்றுதான் அது ‘தெருநாய்’ ஆகிறது.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, உடைமையாளர் என்பதற்குள் விலங்கை அப்போதைக்குத் தம் வசமோ காவலிலோ வைத்திருப்பவரையும் சேர்க்கிறது. அசல் உடைமையாளரின் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. வண்டிமாட்டை ஓட்டுபவரையும் மந்தையைக் கைமாற்றுபவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது, தானாக வந்த நாய்க்குப் பொருந்தாது என்பது வழக்கமான வாசிப்பு. சட்டம் பிறந்த காலத்தைப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. கயிறும் கொட்டிலும் இல்லாத இடத்தில் ‘காவல்’ எங்கே தொடங்குகிறது என்பதும் எளிய கேள்வியல்ல. ஆனால் அந்த வாசிப்பு 3ஆம் பிரிவைத் தனியே விட்டுவிடுகிறது. அங்கே நலம் பேணும் கடமை, விலங்கைத் தம் பராமரிப்பிலோ பொறுப்பிலோ வைத்திருக்கும் ஒவ்வொருவர் மீதும் விழுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒரு பருவம் முழுக்கச் சோறிட்டுக் காவல் வேலை வாங்கியவர் வெறும் வழிப்போக்கர் ஆக முடியாது. பிறகு பட்டினிக்கு விட்டுப் போவது, தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாக்கும் 11(1)(ஐ) பிரிவுக்கு மிக அருகில் வருகிறது.

விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 இங்கே அதிகம் உதவா. அவை காணும் நாய் தெருவிலோ மதில் சூழ்ந்த வளாகத்திலோ வாழ்வது. சோறிடும் இடத்தை ஒழுங்குசெய்ய முதலில் குடியிருப்போர் சங்கத்தைத் தேடுபவை அவை. மலைச்சரிவில் அப்படி ஒரு சங்கம் இல்லை.

இப்படிப் படித்தால் இனி யாரும் நாய்க்குச் சோறு வைக்கமாட்டார்கள் என்பார்கள். ஆனால் நாய் தந்த காவலை வேண்டாம் என்று சொன்னவர் எவரும் இல்லையே. ஆடு கடிக்கும் நாய்க்கு நஞ்சு வைப்பதைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை. நஞ்சு கலந்த இரை வேட்டைநாயையும் நரியையும் பிரித்துப் பார்க்காது. நாயைப் பிடித்து வேறோர் ஊரில் இறக்கிவிடுவதும் பசியை இன்னொருவர் பட்டிக்கு மாற்றும் வேலைதான்.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் இன்னும் 10 முதல் 50 ரூபாய்தான். ஆகவே நீதிமன்றத்தை நம்பி இந்த வாதத்தை வைக்கவில்லை; இழப்பை யார் ஏற்பது என்பதே என் கேள்வி. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய் கடித்து ஆடுகளை இழந்தவர்கள் அரசிடம் இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். எங்கிருந்து வந்ததென்று தெரியாத நாய்க்கு அரசைக் கேட்பதே முறை. கொல்லிமலையில் நாய் எந்தத் தோட்டத்தில் சோறு தின்றது என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், ஆட்டுக்கான பணமும் கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் ஆகும் செலவும் அந்தத் தோட்டக்காரரிடமிருந்தே வரவேண்டும்.