சுனில் சேத்ரி: ஒரு முன்கள வீரரின் தொழில்முறை வாழ்க்கை

சுனில் சேத்ரி (பிறப்பு: 3 ஆகஸ்ட் 1984) இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் தலைவர், இந்திய அணிக்காக மிக அதிகமான கோல்கள் அடித்த வீரர். 2013 முதல் பெங்களூரு கால்பந்துக் கழகத்தின் முன்கள வீரராக விளையாடினார். இடையில் மும்பை சிட்டி அணிக்குச் சிறிது காலம் ஆடியதைத் தவிர, அவருடைய கழக வாழ்வின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. அவ்வணியின் மைதானமான கண்டீரவா அரங்கம் பெங்களூரின் நடுவில் உள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையில் உள்ள ஓசூர், உத்தனப்பள்ளி வட்டார மக்களுக்கு மிக அருகில் இருக்கும் முதல்நிலைக் கால்பந்து அரங்கமும் இதுவே.

சேத்ரியின் வாழ்க்கையை அவர் அடித்த கோல்களின் பட்டியலாக மட்டும் சொல்வது வழக்கம். ஆனால் இந்தியாவில் கால்பந்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அந்தத் தொழில் எவ்வளவு நிலையற்றதாக இருந்தது என்பதையும் அவ்வாழ்க்கை காட்டுகிறது.

இளமையும் தொடக்கமும்

சேத்ரி செகந்திராபாத்தில் பிறந்தார். தந்தை இந்தியத் தரைப்படையில் பணியாற்றியதால் குடும்பம் பல ஊர்களுக்கு இடம்பெயர்ந்தது. டெல்லியில் சிட்டி அணிக்காக ஆடிக்கொண்டிருந்த அவரை 2002இல் கொல்கத்தாவின் மோகன் பகான் கழகம் ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருக்கு வயது 17.

2005இல் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்குச் சென்றார். பக்வாராவிலுள்ள துணி ஆலையின் அணி அது. 1996–97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கின் வாகையர். அங்கு ஆடிய ஆண்டுகளில்தான் சேத்ரி நாடறிந்த வீரரானார். 2005 ஜூன் 12இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய அணிக்காக முதன்முதலில் களமிறங்கி, அந்த ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2007இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். பின்னாளில் அந்த விருது அவருக்கு மொத்தம் ஏழு முறை கிடைத்தது.

மறைந்த அணிகள்

அவரை உருவாக்கிய ஜே.சி.டி. அணி 2011இல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மும்பையின் மகிந்திரா யுனைடெட் அணியும் மூடப்பட்டிருந்தது. 2009–10 ஐ-லீக் பட்டம் வென்ற கோவாவின் டெம்போ அணியிலும் சேத்ரி இருந்தார். அவ்வணி பிற்காலத்தில் ஐ-லீக்கிலிருந்து விலகியது.

இந்த அணிகள் மறைந்ததற்குத் தோல்வி காரணமல்ல. இவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒரு பிரிவாக நடந்தவை. நுழைவுச்சீட்டு விற்பனையும் ஒளிபரப்பு வருமானமும் செலவை ஈடுகட்டாத நிலையில், நிறுவனம் பணம் தருவதை நிறுத்தினால் அணிக்கு வேறு வழி இருக்காது. பெங்களூரிலும் இதே மரபு இருந்தது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறைத் தொழிற்சாலைகளின் அணிகளே நீண்ட காலம் நகரத்தின் முகமாக இருந்தன. தொழிற்சாலை அணியில் ஆடுபவருக்கு ஆலையில் வேலையும் உண்டு. ஆட்டக்காலம் முடிந்தபின் அந்தச் சம்பளம் அவரைக் காக்கும். ஒப்பந்தத்தை மட்டும் நம்பும் தொழில்முறை வீரருக்கு அந்தக் காப்பு இல்லை.

வெளிநாட்டு முயற்சிகள்

2009இல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் சேத்ரியை ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. ஆனால் பிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இல்லாத நாட்டவர் என்பதால் அவருக்குப் பணி அனுமதி மறுக்கப்பட்டது. ஒரு வீரரின் திறமையை அவர் நாட்டு அணியின் இடத்தைக் கொண்டு அளந்த விதி அது.

2010இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி விசர்ட்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கு மேஜர் லீக் ஆட்டம் எதிலும் அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கழகத்தின் இரண்டாம் அணிக்குச் சென்றார். அங்கும் ஆட்டங்கள் மிகச் சிலவே. 2013இல் கடன் முறையில் சர்ச்சில் பிரதர்ஸ் அணிக்குத் திரும்பி, அவ்வணி 2012–13 ஐ-லீக் பட்டம் வெல்லத் துணைநின்றார்.

பெங்களூரு ஆண்டுகள்

2013இல் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் பெங்களூரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கியது. ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்சியாளர், சேத்ரி அணித்தலைவர். முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் கிடைத்தது; 2015–16இல் மீண்டும் கிடைத்தது. 2016 ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில், முந்தைய ஆண்டின் வாகையரான மலேசியாவின் ஜொகூர் அணியைக் கண்டீரவாவில் 3–1 என வென்றது. அதில் சேத்ரி இரண்டு கோல்கள் அடித்தார். அக்கோப்பையின் இறுதிக்குச் சென்ற முதல் இந்திய அணி பெங்களூரு. தோகாவில் நடந்த இறுதியில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 0–1 எனத் தோற்றது.

2017–18இல் அணி இந்தியன் சூப்பர் லீக்குக்கு மாறியது. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் 2018 மார்ச் 17இல் கண்டீரவாவில் நடந்தது. சேத்ரி தொடக்கத்திலேயே தலையால் முட்டிக் கோல் அடித்தும் சென்னையின் எஃப்.சி. 3–2 என வென்று கோப்பையைக் கொண்டுசென்றது. சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17இல், கோவா அணியை 1–0 என வென்று பெங்களூரு பட்டம் பெற்றது.

இந்திய அணியில்

2008 ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதியில் தஜிகிஸ்தானுக்கு எதிராகச் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். அந்த 4–1 வெற்றியே, 27 ஆண்டு இடைவெளிக்குப்பின், 2011 ஆசியக் கோப்பைக்கு இந்தியாவைக் கொண்டுசென்றது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4–1 என வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அவருடையவை.

2018 ஜூனில் மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5–0 என வென்றபோது அரங்கில் இருந்தோர் 2,569 பேர் மட்டுமே. அந்த ஆட்டத்திலும் சேத்ரி மூன்று கோல்கள் அடித்திருந்தார். மறுநாள், எங்களைத் திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்ற பொருளில் அவர் காணொளியில் வேண்டினார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் அரங்கம் நிறைந்தது. அது அவருடைய 100ஆவது பன்னாட்டு ஆட்டம்.

2024 ஜூன் 6இல் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்துடன் ஓய்வு பெற்றபோது அவர் 151 ஆட்டங்களில் 94 கோல்கள் அடித்திருந்தார். உலகளவில் ரொனால்டோ, மெஸ்ஸி, அலி தாயி ஆகியோருக்கு அடுத்த இடம் அது. இக்கோல்களில் பல, தெற்காசியாவின் வலுக்குறைந்த அணிகளுக்கு எதிராக அடிக்கப்பட்டவை என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் எதிரணிகளைத் தேர்ந்தெடுப்பது வீரரின் கையில் இல்லை. அவருக்குப்பின் கோல் அடிக்க ஆளில்லாமல், 2025 மார்ச்சில் அவரையே அணி திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. மாலத்தீவுக்கு எதிராக அவர் 95ஆவது கோலை அடித்தார்.

அடுத்த தலைமுறை

சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன், ராமன் விஜயன் கால்பந்துப் பள்ளியிலிருந்து 2020இல் பெங்களூரு அணிக்கு வந்தவர். அப்பள்ளியை நிறுவிய ராமன் விஜயன், 1997–98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சின் அணிக்காக 10 கோல்கள் அடித்து முதலிடம் பெற்ற தமிழர். அந்த அணியும் சில ஆண்டுகளில் பணமின்றி மறைந்தது. சிவசக்தி, 2022 டுராண்டு கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோலை அடித்தார். 2022–23 சூப்பர் லீக்கில் வளரும் வீரர் விருதும் பெற்றார். அப்பருவத்தில் பல ஆட்டங்களில் அவர் முதலில் இறங்க, சேத்ரி மாற்று வீரராகக் காத்திருந்தார்.

2024–25 பருவத்தில், நாற்பது வயதிலும், சேத்ரி சூப்பர் லீக்கில் 14 கோல்கள் அடித்தார். ஆனால் அடுத்த பருவம் ஒப்பந்தச் சிக்கலால் தள்ளிப்போனது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு கழகம் முதல் அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. ஜே.சி.டி. கலைக்கப்பட்டு 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் அரங்கமும் ஒளிபரப்பும் ரசிகரும் பெருகினாலும், வீரரின் மாதச் சம்பளம் முன்போலவே நிறுவனங்களின் முடிவையே சார்ந்திருந்தது. சேத்ரிக்குப் பெயரும் சேமிப்பும் உண்டு. சிவசக்தியின் வயதினர் எதிர்கொள்ளும் கேள்வி கோல் அடிப்பதோடு முடிவதில்லை.