கூரைமேல் இருந்த படகுகள்

டைட்டானிக் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன்: படகு இருந்தால் மட்டும் போதுமா?

1912 ஏப்ரலில் அந்தக் கப்பலில் இருந்தவை 20 படகுகள். அவற்றில் 4 மடக்குப் படகுகள். ஒவ்வொன்றிலும் 47 பேர் ஏறலாம். இரண்டு, படகிறக்கும் கம்பங்களுக்கு அருகிலேயே இருந்தன. ஆட்களோடு கடலில் இறங்கின. மற்ற இரண்டும் அதிகாரிகள் அறையின் கூரைமேல் கட்டப்பட்டிருந்தன. அங்கிருந்து இறக்கச் சரியான வசதியில்லை. கப்பல் மூழ்கும் நேரத்தில் துடுப்புகளைச் சாய்த்துச் சறுக்கவிட்டார்கள். ஒன்று தலைகீழாய்க் கவிழ்ந்தது; மற்றதில் தண்ணீர் புகுந்தது. கவிழ்ந்த படகின் முதுகில் நின்றே சுமார் 30 பேர் பிழைத்தார்கள். இரண்டாம் அதிகாரி லைட்டோலர் அவர்களில் ஒருவர்.

தீயணைப்புக் கருவியைப் பூட்டிய அறைக்குள் வைத்திருக்கும் பள்ளிகளுக்கும் இதுதான் பாடம். சாவி யாரிடம் என்று இன்றே கேளுங்கள்.