ஒட்டுக் கட்டிய படகு



கித்தாக் காட்டில் வேலை செய்வோருக்கு ஒரு மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது விதை மரமா, ஒட்டு மரமா என்று சொல்லத் தெரியும். அடிமரத்தைப் பார்த்தால் போதும். ஒட்டுக் கட்டிய இடத்தில் யானைக்கால் போல் புடைத்திருக்கும். கீழே ஓர் இனத்தின் வேர். மேலே வேறோர் இனத்தின் பால் தரும் மரம். இன்று நாம் பேசப் போவது அப்படி ஒட்டுக் கட்டிய ஒரு படகைப் பற்றி. அதன் பெயர் 'ஜெஸ்டர்'. ஆங்கிலத்தில் அதற்குக் கோமாளி என்று பொருள்.

இந்தப் படகின் படத்தை வகுப்பில் காட்டி, "இது எந்த நாட்டுப் படகு?" என்று கேட்டோம். "பாயைப் பாருங்க சார், சீனப் படகு" என்றாள் ஒரு மாணவி. "இல்ல சார், அடிப்பக்கம் வெள்ளைக்காரன் படகு மாதிரி இருக்கு" என்றான் அடுத்த பெஞ்சுப் பையன். இருவருக்குமே மதிப்பெண் கொடுத்தோம்.

முதலில் அடிப்பக்கத்தைப் பார்ப்போம். 1940களின் தொடக்கம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சுவீடன், டென்மார்க் முதலிய வட ஐரோப்பிய நாடுகளின் பாய்ப்படகுச் சங்கத்தார், சாதாரண சம்பளக்காரனும் வாங்கக்கூடிய ஒரு சிறு படகுக்கு வரைபடப் போட்டி நடத்தினார்கள். பல வரைபடங்கள் வந்தன. எதற்கும் முழுப் பரிசு கிடைக்கவில்லை. நல்லவை சிலவற்றின் சிறப்புகளைச் சேர்த்து, தூர்த் சுண்டேன் என்னும் சுவீடன்காரர் ஒரே வரைபடமாக வரைந்து முடித்தார். 1942ல் முதல் படகு நீரில் இறங்கியது. அதற்கு 'மக்கள் படகு' என்றே பெயர் வைத்தார்கள். நீளம் ஏறத்தாழ 25 அடி, அகலம் 7 அடிக்குச் சற்று அதிகம். மொத்த எடை சுமார் இரண்டு டன். அதில் பாதிக்கு மேல் அடியில் பொருத்திய இரும்பு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்துவிட்டால் தானாக நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் கனம் இருப்பதுதான் காரணம். இந்தப் படகும் அந்த வகைதான்.

இனி ஒட்டுக் கட்டியவரைப் பார்ப்போம். அவர் இங்கிலாந்துக் கடற்படைப் போர்வீரர் ஹாஸ்லர். 1942 டிசம்பரில் பிரான்சின் போர்டோ துறைமுகத்திலிருந்த ஜெர்மானியக் கப்பல்களைத் தாக்க, சிறு துடுப்புப் படகுகளில் பத்துப் பேர் புறப்பட்டார்கள். தலைவர் ஹாஸ்லர். உயிரோடு திரும்பியவர்கள் அவரும் இன்னொருவரும் மட்டுமே. சிறு படகில் மனிதனின் உயிர் எதைப் பொறுத்திருக்கிறது என்பதை அவருக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் 1953ல் மக்கள் படகின் உருவத்தைச் சற்று மாற்றி ஜெஸ்டரைக் கட்டச் செய்தார். தனி ஒருவன் பெருங்கடலில் போகும்போது ஆபத்து எங்கே வருகிறது என்று அவர் யோசித்தார். காற்று மிஞ்சினால் பாயைச் சுருக்க வேண்டும். ஐரோப்பியப் படகில் அதற்காக, ஆடுகிற வழுக்கல் தட்டின்மேல் முன்பக்கம் போயாக வேண்டும். கால் தவறினால் தூக்கிவிட யாருமில்லை. பாய் இழுத்துக்கொண்டே இருப்பதால் படகு அவனை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

வேறு சில பாய்களைச் சோதித்துப் பார்த்தபின், விடை சீனரிடம் இருப்பதைக் கண்டார். சீனர் பாயின் குறுக்கே வரிசையாகக் கழிகள் கட்டியிருக்கும். கடை வாசலில் வெயிலுக்குத் தொங்கவிடும் மூங்கில் திரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றைத் தளர்த்தினால் மடிப்பு மடிப்பாகத் தானே இறங்கி அடுக்கிக்கொள்ளும். வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். துணி ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் அடுத்த கழியோடு நின்றுவிடும். பாய்மரத்துக்குப் பக்கக் கயிறுகளும் தேவையில்லை. எல்லாக் கயிறுகளையும் படகின் நடுவிலுள்ள ஒரு வட்டத் துவாரத்துக்குக் கொண்டுவந்தார் ஹாஸ்லர். மற்றப் படகுகளில் பின்புறம் உட்காரப் பள்ளம் இருக்கும், அதையும் மூடிவிட்டார். துவாரத்தில் இடுப்பளவு நின்றபடியே எல்லா வேலையும் நடக்கும். படகின் பின்புறத்தில் காற்றுக்குத் திரும்பும் ஒரு தகடு. அதுவே சுக்கானை இயக்கிக்கொண்டிருக்க, ஆள் தூங்கலாம்.

இந்தப் பாய் நமக்கு அந்நியமானதல்ல. திரங்கானு டுயோங் தீவின் மலாய்த் தச்சர்கள், காகிதத்தில் வரைபடம் இல்லாமலே, மரத்தைக் கண்ணளவில் செதுக்கிப் பெரிய படகுகள் கட்டினார்கள். 'பினாஸ்', 'பெடார்' என்னும் அந்தப் படகுகளில் இதே வகைப் பாய்தான் பறந்தது. ஹாஸ்லர் கண்டுபிடித்தார் என்று சில புத்தகங்கள் எழுதுவது நமக்குச் சரியாகப் படவில்லை. அவர் கற்றுக்கொண்டார் என்பதே பொருத்தம்.

சோதனை 1960ல் வந்தது. ஜூன் 11ஆம் நாள், இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்து நியூயார்க் சேரும் போட்டி. அதை முதலில் முன்மொழிந்தவரே ஹாஸ்லர்தான். கலந்துகொண்டவர் ஐவர். பிரான்சிஸ் சிச்செஸ்டர் ஏறத்தாழ 40 அடிப் படகில் 40 நாளில் முதலாவதாக வந்தார். 25 அடி ஜெஸ்டர் 48 நாளில் இரண்டாவது. அந்தப் பாதையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து எதிரே வீசும். எதிர்காற்றில் சீனப் பாய் சற்றே பின்தங்கும் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஹாஸ்லர் பாயைச் சுருக்க ஒருமுறைகூட நனைந்த தட்டின்மேல் தவழ வேண்டியிருக்கவில்லை.

பின்னர் ஜெஸ்டரை மைக் ரிச்சி என்பவர் வாங்கினார். நான்காண்டுக்கு ஒருமுறை நடந்த அந்தப் போட்டியில் 1988 வரை ஒன்றுவிடாமல் ஜெஸ்டர் புறப்பட்டது. 1988ல் எழுபது வயதை எட்டிவிட்ட ரிச்சி அதில் போனபோது, புயலில் ஒரு பேரலை படகைப் புரட்டிப் போட்டது. வழியே வந்த சரக்குக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது; படகு கடலோடு போயிற்று. ஹாஸ்லர் அதற்கு முந்திய ஆண்டே, 1987ல், காலமாகிவிட்டார்.

நண்பர்கள் பணம் திரட்டி, அதே அளவில், அதே பாயுடன் இன்னொரு ஜெஸ்டரைக் கட்டி 1992ல் நீரில் இறக்கினார்கள். ரிச்சி அதிலும் ஏறி, மீண்டும் அட்லாண்டிக்கை நோக்கிப் புறப்பட்டார்.