கடைசற் பட்டறையில் நீரும் எண்ணெயும்

உலோகத்தை உலோகத்தாற் சீவுமிடத்து வெப்பம் பிறத்தல் இயல்பு. மியூனிக் நகரின் படைக்கலச் சாலையிற் பீரங்கி துளைக்கும் பணியை மேற்பார்த்த றம்போட் பிரபு, அவ்வெப்பத்தின் மிகுதி கண்டு வியந்தார். மழுங்கிய துளைகருவியொன்றை நீரினுள் வைத்துக் குதிரை வலுவாற் பீரங்கியைச் சுழற்றுவித்தபோது, இரண்டரை மணி நேரத்தில், நெருப்பின்றியே நீர் கொதித்தது. 1798 இல் வெளிவந்த இச்சோதனையைப் பௌதிக நூல்கள் இன்றும் போற்றுகின்றன. பட்டறையாருக்கோ அவ்வெப்பம் கருவிமுனையைக் கெடுக்கும் பகை.

நெடுங்காலமாகப் பன்றிக் கொழுப்பெண்ணெய் போன்றவற்றைச் சிறுகச் சிறுக இட்டே வேலை நடந்தது. இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கரான பிறெடறிக் ரெயிலர். பிலடெல்பியாவின் மிட்வேல் உருக்காலையிற் பணியாற்றிய அவர், சீவல் பெயருமிடத்தில் நீரைப் பெருந்தாரையாகப் பாய்ச்சின் வெட்டும் வேகத்தை நூற்றுக்கு 30 முதல் 40 வரை கூட்டலாமென 1883 இற் கண்டார். மறுஆண்டில் எழுந்த புதிய பட்டறையில், ஒவ்வொரு பொறியும் இரும்புத் தட்டமொன்றினுள் நிறுத்தப்பட்டது. துருப்பிடியாமற் சலவைச் சோடா கரைத்த நீர் குழாய்வழி வந்து, தட்டத்தில் வடிந்து, மீண்டும் மேலேறியது. இவ்வளவு எளிய முறையையும் பிற ஆலைகள் பல்லாண்டு பின்பற்றவில்லை எனப் பிற்காலத்தில் ரெயிலர் குறைப்பட்டுக்கொண்டார்.

நீர் வெப்பத்தைக் கவரும். உராய்வைக் குறைப்பதில் எண்ணெய்க்கு ஈடாகாது. ஆகவே 20ஆம் நூற்றாண்டிற் கனியெண்ணெயை நீரோடு கலந்த, பால்போன்ற கலவை பட்டறைகளிற் பரவியது. கலவாத கனியெண்ணெயும் தன்னியக்கக் கடைசற் பொறிகளில் வெள்ளமாக ஓடியது. அவ்வெள்ளம் கருவியை மட்டுமன்றித் தொழிலாளரின் கையையும் உடையையும் நனைத்தது. லங்காசயர் நூற்பாலைகளிற் கதிர்களினின்று தெறித்த கனியெண்ணெயே நூற்போரின் தோற்புற்றுநோய்க்குக் காரணமென 1922 இல் மருத்துவர் எடுத்துரைத்தனர். பேர்மிங்காம் பகுதிக் கடைசற் பொறியாளரிடமும் அந்நோய் உண்டென்பது 1950 இலேயே மருத்துவ ஏட்டில் விளக்கமாக வெளிவந்தது. நூற்பாலையிற் கற்ற பாடம் கடைசற் பட்டறையை அடைய இத்துணைக் காலம் சென்றமை பொறுக்கத்தக்கதன்று. வேகத்தை நூற்றுவீதத்தில் அளந்தோர் தோலின் கேட்டை அளக்கவில்லை. செம்மையாகச் சுத்திகரிக்கப்படாத கனியெண்ணெய்கள் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1987 இல் வகுத்தது.

நோயச்சத்தோடு கணக்கும் சேர்ந்தபோதே ஆலைகள் அசைந்தன. கழிவகற்றல் உட்படக் குளிரூட்டு திரவத்துக்கான செலவு, உற்பத்திச் செலவில் நூற்றுக்கு 7 முதல் 17 வரை என 1990களில் ஜேர்மனிய மோட்டார்த் தொழிலிற் கணித்தனர். வெட்டுங் கருவிகளுக்கோ 2 முதல் 4 வரையே சென்றது! அதன்பின், தாவர எண்ணெயிலிருந்து ஆக்கிய பொருளை அழுத்தக் காற்றோடு நுண்டுளிகளாகத் தெளிக்கும் முறை வலுப்பெற்றது. மணிக்குச் சில பத்து மில்லிலீற்றரே அதற்குப் போதும்; பழைய முறையில் நிமிடத்துக்கே பல லீற்றர் ஓடும். மேற்பூச்சுப் பெற்ற வன்கருவிகள் வந்தமையால், வார்ப்பிரும்பைத் திரவமின்றியே சீவுதலும் எளிதாயிற்று.

தைத்தானியம் இவ்வழிக்கு எளிதில் இணங்குவதில்லை. அது வெப்பத்தை விரைந்து கடத்தாதாகலின், சூடு கருவிமுனையிலேயே தேங்கும். அதற்கெனப் பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை குளிருடைய திரவ நைதரசனைப் பாய்ச்சுவோர் உளர். அது காற்றோடு கலந்து மறையும். கழுவ வேண்டிய எச்சமில்லை. ஆயினும் அதனை ஆக்குதற்கு மின்வலு மிகுதியாகச் செல்வதால், தைத்தானியம் சீவும் ஆலைகள் பலவற்றில் நீர்க்கலவைத் தாரையே இன்னும் ஓடுகின்றது.